யாருக்கு வந்தாலும் உடும்புக்கே

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. பழைய கதைகளில் வரும் உடும்புகள் கோட்டை மதிலில் ஏறும், திருடனுக்குக் கயிறு பிடிக்கும். நம் உடும்புக்கு அந்த வீரமெல்லாம் கிடையாது. காட்டு நிர்வாகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் உத்தியோகம். பெயர் திடசித்தன். பெயர் வைத்த தாய் தகப்பனைக் குறை சொல்லக் கூடாது. குட்டி முகத்தைப் பார்த்து அது கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் காட்டின் சிங்கம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டது. அந்த நாற்காலியில் மதுமதி அம்மையார் என்ற கரடி முதன்மை நிர்வாகியாக உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரிதான். தேன் குடிக்கும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது என்பதைத் தவிர அவருக்குக் கொள்கை என்று ஒன்றும் இல்லை. யாருக்கு என்ன குறை இருந்தாலும் மெயிலில் எழுத வேண்டும், நேரில் வரக் கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதில் நியாயமும் இருந்தது. முன்பு நேரில் மனுக் கொடுக்கும் நாளில் முயலுக்குப் பின்னால் ஓநாய் வரிசையில் நிற்கும். முயலின் முறை வரும்போது முயல் இருக்காது.

சர்வர் இருந்த இடம் ஒரு பெரிய கரையான் புற்று. உள்ளே எப்போதும் குளுகுளுவென்று இருக்கும், மின்விசிறிகூட வேண்டாம். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். இங்கே சர்வர் குடிபுகுந்தது. அதற்குத் துணையாக, பக்கத்துப் பொந்தில் திடசித்தன் குடிபுகுந்தான்.

அந்தப் பொந்துதான் அவன் கவலை. அவன் ஒப்பந்தப் பணியாளன். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஒப்பந்தம் முடியும். இன்னொரு பருவத்துக்கு நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். கடைசி நாளில் நீட்டிப்பார்கள். மூட்டையை அவிழ்ப்பான். அவன் வயதில் மற்ற உடும்புகளுக்குப் பேரக்குட்டிகள் வந்துவிட்டன. இவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம், "மாப்பிள்ளைக்கு நிரந்தரமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். பணி நிரந்தரம் என்ற இரண்டு சொல்லைத் தவிர அவன் வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

ஒருநாள் மதுமதி அம்மையார் அவனைக் கூப்பிட்டார்.

"திடசித்தா, நம்ம மெயில் சர்வர்ல யார் எங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியுது?"

"ஒரு கோப்புல எழுதி வச்சிருக்கேன் மேடம். வௌவால், ஆலமரம், தெற்குக் கிளை, தலைகீழ். அந்த மாதிரி."

"யாராவது இடம் மாறினா?"

"கோப்பைத் திறந்து திருத்துவேன். அப்புறம் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விடுவேன். கொஞ்ச நேரம் யாருக்கும் மெயில் போகாது. எல்லாரும் திட்டுவாங்க."

"பக்கத்துக் காட்டுல அதெல்லாம் டேட்டாபேஸ்ல வச்சிருக்காங்களாம்" என்றார் அம்மையார். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பக்கத்துக் காட்டில் இருக்கிறது என்பது தெரியும், அது போதும். "நீயும் மாத்திடு. மாத்தினப்புறம் எனக்கு ஒரு புகார்கூட வரக் கூடாது. வரலைன்னா உன்னைப் பணி நிரந்தரம் பண்றேன்."

"வந்தா மேடம்?"

"மூட்டை கட்டறது உனக்குப் பழக்கம்தானே?"

திடசித்தன் புற்றுக்குத் திரும்பி வேலையில் இறங்கினான். புது ஏற்பாட்டில் மெயில் சர்வர் தன் தலையில் எந்த முகவரியையும் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு மெயில் வரும்போதும் டேட்டாபேஸைப் பார்த்து, "இது யாருக்கு, எங்கே போட வேண்டும்?" என்று கேட்கும். டேட்டாபேஸ் தன் அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்லும். யாராவது பொந்து மாறினால் அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும், சர்வரை நிறுத்த வேண்டாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! கேட்க அழகாக இருப்பதையெல்லாம் நம் தொழிலில் யாராவது ஒரு உடும்பு உட்கார்ந்து ஓட வைக்க வேண்டியிருக்கிறது.

டேட்டாபேஸ் சூலபாணி என்ற முள்ளம்பன்றியின் பொறுப்பில் இருந்தது. அவர் நிரந்தரப் பணியாளர். ஆகவே நிதானமானவர். அவரை நெருங்கிப் பேச முடியாது, எட்ட நின்றுதான் பேச வேண்டும்.

"சூலபாணி சார், சர்வர் கேட்டா உங்க டேட்டாபேஸ் பதிலே சொல்ல மாட்டேங்குது."

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு. உங்க பக்கம் பாருங்க."

திடசித்தன் தன் பக்கம் பார்த்தான். கையேட்டைத் திறந்தான். எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரிக் கோப்பைப் பார்க்கவும் என்று கையேடு சொன்னது. மாதிரிக் கோப்பைத் திறந்தான். விளக்கத்துக்குக் கையேட்டைப் பார்க்கவும் என்று அது சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவன் பல பகல்களைக் கழித்தான். ஒரு முறை கடவுச்சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் ஒரு தடவை தோலுரித்துவிட்டான். உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இங்கே உடும்பே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் பிடித்தது உடும்புப் பிடி. விடத் தெரியவில்லை.

கடைசியில் டேட்டாபேஸ் பதில் சொன்னது. இனிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு இதில் ஒரு பழைய பயம் இருந்தது. முன்பொரு முறை "சோதனை சோதனை" என்று அவன் அனுப்பிய மெயில் தவறிப்போய்க் காடு முழுக்கப் போய்விட்டது. "என்ன சோதனை?" என்று யானை எல்லாருக்கும் பதில் போட்டது. "எனக்கு ஏன் இது வருகிறது?" என்று குரங்கு எல்லாருக்கும் பதில் போட்டது. "எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்" என்று மான் எல்லாருக்கும் பதில் போட்டது. அது அடங்கப் பல நாள் ஆயிற்று.

ஆகவே இந்த முறை திடசித்தன் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டான். அட்டவணையின் உச்சியில், மற்ற எல்லா வரிகளுக்கும் மேலே, ஒரு வரி எழுதினான். மெயில் யாருக்கு வந்தாலும் திடசித்தனுக்கே போடவும். சோதனை முடிந்ததும் அழித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். பிறகு தனக்குத் தானே ஒரு மெயில் அனுப்பினான். வந்தது. இன்னொன்று அனுப்பினான். அதுவும் வந்தது. யானைக்கு ஒன்று அனுப்பினான். அதுவும் இவனுக்கே வந்தது. அனுப்பியது எதுவும் வீணாகவில்லை. சந்தோஷத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு புற்றைச் சுற்றி ஓடினான். அந்தச் சந்தோஷத்தில் உச்சியில் இருந்த வரி மறந்தேபோயிற்று.

"மேடம், போகுது!" என்று அம்மையாருக்குச் செய்தி சொன்னான். சூலபாணி உடனே டேட்டாபேஸைப் பூட்டினார். இனி அவர் அனுமதி இல்லாமல் யாரும் அதில் கை வைக்க முடியாது.

அன்றிலிருந்து காட்டில் யாருக்கும் மெயில் வரவில்லை. எல்லாருடைய மெயிலும் திடசித்தனுக்கு வந்தது. அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே. அதுபோல மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் மெயில் படிக்க மாட்டான். மேடத்திடமிருந்து வருவதைத் தவிர மற்றதெல்லாம் "அப்புறம்" என்ற தொகுப்புக்குள் தானாகப் போய் விழும்படி அவன் எப்போதோ ஏற்பாடு செய்திருந்தான். அந்தத் தொகுப்பில் எத்தனை மெயில் சேர்ந்திருக்கிறது என்று காட்டும் எண்ணையும் மறைத்து வைத்திருந்தான். அதைப் பார்த்தால் நெஞ்சு படபடத்தது. மேடமோ மெயில் எழுதுகிறவர் இல்லை, ஆள்விட்டுக் கூப்பிடுகிறவர். எனவே அவன் பெட்டி சுத்தமாக இருந்தது. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அம்மையாரும் அப்படியே நினைத்தார். வழக்கமாகக் காலையில் தேனடையை எடுத்தால் கைபேசி ஓயாமல் கூவும். இப்போது கூவவில்லை. முதல் நாள் சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் நிம்மதியாக இருந்தார். அப்புறம் உடம்பே கொஞ்சம் பெருத்துவிட்டது. திடசித்தனைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்த நாள்ல இருந்து இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்ல. ஒரு புகார் வரணுமே! காட்டுல எல்லாரும் அவ்வளவு திருப்தியா இருக்காங்க."

"எல்லாம் டேட்டாபேஸ்தான் மேடம்" என்று திடசித்தன் அடக்கமாகத் தலையைக் குனிந்தான்.

"நாளைக்குக் காலையில பாறை மேல விழா. எல்லார் முன்னாலயும் உனக்கு நிரந்தர உத்தரவு தரேன். அழைப்பை நானே என் கையால மெயில் போடறேன்."

மறுநாள் காலை திடசித்தன் செதில்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கைபேசி கூவியது. அம்மையாரின் அழைப்பு. ஆசையோடு படித்தான். மறுபடி கூவியது. அதே அழைப்பு. மறுபடியும், மறுபடியும். மேடத்துக்கு நம்மேல் இவ்வளவு பிரியமா என்று அவனுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த பெயரைப் படித்தான். "பெறுநர்: யானை." அடுத்ததில் "பெறுநர்: முயல்." அதற்கடுத்ததில் "பெறுநர்: வௌவால்."

அவனுக்கு அட்டவணையின் உச்சியில் இருந்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்புறம்" தொகுப்பைத் திறந்தான். காடே உள்ளே இருந்தது. மயில் மழை எப்போது என்று கேட்டிருந்தது. குரங்கு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது. கல்யாணம் முடிந்துவிட்டது, யாரும் வரவில்லை என்று குரங்கு எல்லாரையும் திட்டி எழுதியதும் இருந்தது. மெயில் வரவில்லை என்று முந்தாநாள் அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் மெயில் வரவில்லை என்று அம்மையாருக்கு ஆமை எழுதியிருந்தது.

நடுவில் பொன்னலகியின் மெயில்கள் இருந்தன. பொன்னலகி ஓர் இருவாட்சிப் பறவை. இருவாட்சிப் பெண்கள் முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வார்கள். அலகு நீட்ட மட்டும் ஒரு சந்து இருக்கும். கணவன்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். இந்த வருஷம் காட்டில் அத்தி காய்க்கவில்லை. ஆகவே கணவன், இருந்த பழத்தை எல்லாம் பொந்தில் நிரப்பிவிட்டு, மூன்று மலை தாண்டிப் பழம் தேடப் போயிருந்தான். குஞ்சு பொரித்ததும் ஒரு மெயில் போடு, பறந்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"ஏங்க, பொரிச்சாச்சு. ரெண்டும் உங்க மூக்கு. கிளம்பி வாங்க" என்றது முதல் மெயில்.

"பழம் தீரப்போகுது. கிளம்பிட்டீங்களா?" என்றது அடுத்தது.

"எம்மேல என்ன கோபம்?"

கடைசி மெயில் அன்று காலையில் வந்தது. "பதில் எழுத வேண்டாம். வந்தா போதும். சின்னது கத்தறதை நிறுத்திடுச்சு."

அவற்றுக்கு இடையிடையே கணவன் பொன்னலகிக்கு எழுதியவையும் இருந்தன. "இன்னும் பொரிக்கலையா? ஒரு வரி எழுதேன் புள்ள." இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இவன் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். திடசித்தனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கடைசி மெயிலைக் கணவனுக்கு அனுப்பினான். திறந்து வைத்த தொகுப்பிலேயே டிங் என்று அது இவனுக்கே வந்தது. மறுபடி அனுப்பினான். டிங். உச்சியில் அந்த வரி இருக்கும்வரை அவன் எதை அனுப்பினாலும் அவனுக்குத்தான் வரும். தானே பழம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால், குஞ்சுள்ள கூட்டுக்கு உடும்பு வந்தால் எந்தத் தாய் நம்புவாள்? போன வருஷம் இணைப்பைச் சரிபார்க்கப் போனபோது பொன்னலகி கொத்திய தழும்பு இன்னும் மூக்கில் இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. முட்டை வாசனை வந்தால் அவனுக்கே அவன்மேல் நம்பிக்கை போய்விடும்.

சூலபாணியிடம் ஓடினான்.

"சார், அட்டவணையில ஒரு வரி அழிக்கணும். அவசரம்."

"மெயில் போடுங்க, பார்த்துட்டுச் செய்றேன்."

"மெயில் போகலைன்னுதான் சார் அழிக்கச் சொல்றேன்."

"அப்ப மெயில் போகலைன்னு ஒரு மெயில் போடுங்க. வாய்வார்த்தைக்கெல்லாம் செஞ்சா நாளைக்கு என் முள்ளையில்ல பிடுங்குவாங்க?"

"ஒரு குஞ்சு சாகப் போகுது சார்!"

"அது உங்க பக்கம்" என்று சூலபாணி வருத்தத்தோடு சொன்னார். "என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு." பிறகு, அம்மையார் முதல் நாளே ஆள்விட்டுச் சொல்லியிருந்த விழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

திடசித்தன் டேட்டாபேஸின் வாசலில் உட்கார்ந்தான். பெயர் கேட்டது. சூலபாணி என்று எழுதினான். பாஸ்வேர்ட் கேட்டது. தெரியாது. கீழே சின்ன எழுத்தில், "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்று பரிவாகக் கேட்டது. ஆமாம் என்றான். புதிய பாஸ்வேர்ட் சூலபாணியின் மெயிலுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றது.

டிங்.

காட்டில் யாருக்கு வந்தாலும் இவனுக்குத்தானே! வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டவன், அந்த ஓணானையே தூதும் அனுப்பினான். ஓணான் அவனுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் என்பதால் ஒன்றும் சொல்லாது. சூலபாணியாக உள்ளே போய் வரியை அழித்தான். பொன்னலகியின் மெயிலை அனுப்பினான். காத்திருந்தான். திரும்பி வரவில்லை. மெயில் போய்விட்டது.

அவன் அத்தோடு எழுந்திருக்கலாம். ஆனால் "அப்புறம்" தொகுப்பில் மற்றவர்களின் மெயிலெல்லாம் கிடந்தது, பெட்டியில் அவர்களுக்கான அழைப்புகள் கிடந்தன. ஒரு குஞ்சின் சத்தம் நின்றதைப் படித்தவனுக்கு அதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. எல்லாவற்றையும் உரியவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தான். அதற்காக அவனை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மேடத்துக்குப் புகார் போனால் பணி நிரந்தரம் போய்விடும் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பும் கட்டளையை எழுதிவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையும் சேர்த்தான். தலைப்பில் "புகார்" என்று இருப்பதை மட்டும் அனுப்ப வேண்டாம்.

தட்டிவிட்டுப் பாறைக்கு ஓடினான்.

அங்கே அம்மையார் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சூலபாணியைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை.

"பார்த்தியா? அவ்வளவு திருப்தி. விழாவுக்குக்கூட வரலை" என்று அம்மையார் பெருமைப்பட்டார். "வா, வாங்கிக்கோ."

திடசித்தன் முன்னங்கால்களை நீட்டினான். அம்மையாரின் கைபேசி கூவியது. இன்னொரு முறை கூவியது. அப்புறம் மூச்சுவிடாமல் கூவியது. அம்மையார் திரையைப் பார்த்தார். "பணிவான வேண்டுகோள்." அடுத்தது, "தங்கள் மேலான கவனத்திற்கு." அதற்கடுத்தது, "கருணை கூர்ந்து." அவர் முகத்தில் ரோமம் சிலிர்த்துக்கொண்டது.

திடசித்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். எந்தக் காட்டில் எந்த ஜீவன் மேலதிகாரிக்கு எழுதும்போது புகார் என்று தலைப்புப் போடும்? அவனே எத்தனை வருஷமாகப் பணிவான வேண்டுகோள் எழுதியிருக்கிறான்! அவன் நிபந்தனையில் மாட்டிக்கொண்டு நின்றது ஒரே ஒரு மெயில்தான். மண்புழு எழுதியது. அதன் தலைப்பு, "எனக்குப் புகார் எதுவும் இல்லை, நன்றி."

அழைப்பு இப்போதுதான் கிடைத்ததால் மற்ற விலங்குகளும் வந்து சேர்ந்தன. எல்லாரும் சத்தம் போட்டார்கள். அம்மையார் உத்தரவை இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்குக் காலை வரைக்கும் காடு அமைதியா இருந்துச்சு. யாரோ எதையோ மாத்தியிருக்காங்க. யாரு?"

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். காட்டறேன்" என்று சூலபாணி தன் டேட்டாபேஸின் பதிவைத் திறந்து உரக்கப் படித்தார். "இன்று காலை ஒரு வரி அழிக்கப்பட்டது. அழித்தவர்..." அவர் நிறுத்தினார். முட்கள் ஒன்றொன்றாக எழுந்து நின்றன. "அழித்தவர், சூலபாணி."

அம்மையார் அவரைப் பார்த்து உறுமினார். அந்த நேரத்தில் பாறைக்கு மேலே பெரிய இரைச்சல் கேட்டது. இருவாட்சியின் சிறகடிப்பு தூரத்தில் வரும்போதே காதை அடைக்கும். மலைப்பக்கமிருந்து வந்த பொன்னலகியின் கணவன் தலைக்கு மேலே கடந்து அவள் மரத்தை நோக்கிப் போனான். வாய் நிறையப் பழம் இருந்தது. திடசித்தனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"மேடம், அழிச்சது நான்தான். அவர் பேர்ல உள்ள போனேன். அதுக்கு முன்னாடி அந்த வரியைப் போட்டதும் நான்தான். அதனாலதான் இத்தனை நாளா எல்லார் மெயிலும் எனக்கு வந்துச்சு. கெடுத்ததும் நான், சரி பண்ணினதும் நான்."

அம்மையார் கைபேசியை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அந்த வரி இருந்தப்ப, எனக்கு எழுதினது எல்லாம் உனக்கு வந்துச்சு?"

"ஆமா மேடம்."

"எனக்கு ஒண்ணும் வரல?"

"வரல மேடம்."

"அப்ப அது தப்பு இல்லையே" என்றார் அம்மையார் மெதுவாக. "இன்னைக்குக் காலையில நீ செஞ்சதுதான் தப்பு. சூலபாணி, அந்த வரியை மறுபடி போடுங்க. எல்லாத்துக்கும் மேல, அழிக்க முடியாத மாதிரி." பிறகு திடசித்தனின் கையில் உத்தரவைத் திணித்தார். "இனி இந்தக் காட்டு மெயில் மொத்தமும் உனக்கு. நீ படி. எனக்குத் தேவையானதை மட்டும் வந்து சொல்லு."

"எது எது தேவை மேடம்?"

"எதுவும் தேவையில்ல."

யானை ஆட்சேபித்தது. எழுத்து மூலமாக அனுப்பும்படி அம்மையார் அதற்குப் பதில் சொன்னார். விழா இனிதே முடிந்தது.

திடசித்தன் உத்தரவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். நடந்தது அத்தனையும் அநியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு முறை பிரித்துப் படித்தான். நிரந்தரம் என்றுதான் போட்டிருந்தது.

பொன்னலகியின் மரத்தடியில் வந்தபோது மேலே கணவன் சந்து வழியாக ஊட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு குரல் கேட்டது. இரண்டும் கேட்டதும் திடசித்தன் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

"யாரு, உடும்புத் தம்பியா? அங்கயே நில்லு, மேல வராத" என்றாள் பொன்னலகி. "இன்னைக்குத்தான் மெயில் போச்சாம். இனிமே ஒழுங்காப் போகுமா?"

"ஒழுங்கா வரும் அக்கா" என்றான் திடசித்தன். "எனக்கு. நீங்க எழுதுங்க, நான் நடந்து போய்ச் சொல்லிடறேன்."

"மூணு மலைக்கு அப்பால இருந்தா?"

"நிரந்தரமாயிடுச்சு அக்கா" என்றான் அவன். "இனி எனக்கு வேற என்ன வேலை?"

நீதி: காட்டின் குறைகளைத் தீர்க்கக் காடே சேர்ந்து உழைக்க வேண்டும். காட்டில் குறையே இல்லாமல் செய்ய ஒரு வரி போதும். ஆகவே பிள்ளைகளே, சோதனைக்காகப் போட்டதை ஒருநாளும் அழிக்காதீர்கள். மனசாட்சி உறுத்தி அழித்தே தீர வேண்டுமென்றால், முதலில் கால்களுக்கு நல்ல எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.